குறுந்தொகைப் பாட்டை ஆராய்வது எப்படி: மொரீசியஸ் மாணவர்களுக்கு

எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வரை தமிழை ஒரு பாடமாகப் படித்துவிட்டு, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பட்டப் படிப்புக்குச் சேர்ந்து சங்கப் பாட்டைக் கையில் எடுக்கும் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரெஞ்சு வகுப்பில், கவிதையில் 'நான்' வந்தால் கவிஞரின் மனத்தைத் தேடிப் பழகியவர்கள் அவர்கள். அதே பழக்கத்தில் 'புலவர் தம் காதல் துயரைப் பாடுகிறார்' என்று எழுதினால், விடை முதல் வாக்கியத்திலேயே தடம் மாறிவிடும். காதல் வாழ்வைப் பாடும் அகப்பாட்டில் பேசுபவர் புலவர் அல்லர். தலைவி, தலைவன், தோழி, செவிலி, பரத்தை என யாரோ ஒருவர் பேசுகிறார். அவருக்குப் பெயரும் கிடையாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் அதை விதியாகவே வைத்திருக்கிறது. ஆகவே யார், யாரிடம், என்ன நிலையில் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

சங்க அகப்பாட்டுத் தொகுப்பாகிய குறுந்தொகையின் 290ஆம் பாட்டை வைத்துச் செய்து பார்ப்போம்.

காமந் தாங்குமதி யென்போர் தாமஃ
தறியலர் கொல்லோ அனைமது கையர்கொல்
யாமெங் காதலர்க் காணே மாயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே.

பாட்டின் கீழே இருக்கும் திணை (நிலமும் உணர்வும் சார்ந்த பாட்டு வகை), கூற்று (யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது) குறிப்பை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு சொற்களைப் பிரித்து ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். இந்த வேலைக்குக் கால் மணி நேரம் செலவழித்தாலும் வீணில்லை, ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

காமம் தாங்குமதி என்போர் தாம் அஃது அறியலர்கொல்லோ? அனை மதுகையர்கொல்? யாம் எம் காதலர்க் காணேம் ஆயின், செறிதுனி பெருகிய நெஞ்சமொடு, பெருநீர்க் கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல் ஆகுதுமே.

'தாங்குமதி' என்பதில் உள்ள மதி நிலவும் இல்லை, அறிவும் இல்லை. அது ஏவலோடு வரும் முன்னிலை அசை. 'தாங்கிக்கொள்' என்பதே பொருள். 'மதுகை'யில் மதுவைத் தேடாதீர்கள், மதுகை என்றால் வலிமை. 'துனி' என்றால் துயரம். 'காதலர்க் காணேம்' என்பதைக் 'காதலர்க்கு' என்று படித்தால் வாக்கியமே உடைந்துவிடும். 'காதலரை' என்பதே பொருள், இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. 'கொல்' ஐயத்தைக் காட்டும் இடைச்சொல், கொலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொல்லுக்குப் பொருள் ஐயமானால் இணையத்தில் கிடைக்கும் தற்காலப் பொழிப்புரையை நம்பாமல், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டு உரைப் பதிப்பையும் பாருங்கள்.

இப்போது தாளை எடுத்துவிட்டுக் கூற்றைப் படியுங்கள்: 'வற்புறுத்தும் தோழிக்குத் தலைமகள் அழிவுற்றுச் சொல்லியது.' பிரிவைப் பொறுத்துக்கொள் என்று எதிரே நின்று வற்புறுத்துபவள் தோழி. ஆனால் தலைவி 'நீ' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. 'தாங்கு என்போர்', 'அறியலர்', 'மதுகையர்' என்று யாரோ மூன்றாம் மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறாள். நெருங்கிய தோழியிடம் இப்படி முகம் திருப்பிப் பேசுவதில்தான் அவளுடைய மனத்தாங்கல் முழுவதும் இருக்கிறது. கூற்றைப் பார்க்காமல் விட்டால் இந்த நுட்பம் கைக்கு வராது. கூற்றுக் குறிப்பைப் பாட்டின் முதல் உரை என்று கொள்ளுங்கள். அதை மதியுங்கள், ஆனால் அது சொல்வதைப் பாட்டின் சொற்களைக் கொண்டே நிறுவுங்கள்.

அடுத்து யாப்பு. இங்கே சீர்களை எண்ணினாலே போதும். எல்லா அடிக்கும் நான்கு சீர், ஐந்தாம் அடிக்கு மட்டும் மூன்று: கல்பொரு (கூவிளம்), சிறுநுரை (கருவிளம்), போல (தேமா). ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராய் வந்ததால் இது நேரிசை ஆசிரியப்பா. இந்த வகைமைப் பெயரோடு நிறுத்திவிடுபவர்களே அதிகம். குறைந்து நிற்கும் அந்த அடியில்தான் நுரை வருகிறது, அடுத்த அடியில் 'மெல்ல மெல்ல இல்லா' என முதல் மூன்று சீரிலும் இரண்டாம் எழுத்து லகர ஒற்றாக, கூழை எதுகையாக ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். 'மெல்ல' என்ற சொல்லின் ஒலியிலிருந்தே 'இல்லா' பிறப்பதுபோல அமைந்திருக்கிறது.

உவமைக்கு வருவோம். இங்கே 'போல' வெளிப்படையாக நிற்கிறது, ஆகவே இது ஏனை உவமம். எதைக் கண்டாலும் உள்ளுறை (மறைமுக உவமை) என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. உள்ளுறைக்குக் குறுந்தொகை 8 நல்ல சான்று: மரத்திலிருந்து தானாக விழும் மாம்பழத்தை வாளைமீன் கவ்வும் ஊரன் என்று பரத்தை சொல்லும்போது, ஒப்புமை வெளியே சொல்லப்படாமல் உள்ளே நிற்கிறது.

நம் பாட்டில் நுரையை மட்டும் பார்க்காதீர்கள். நீர் பெரியது, நுரை சிறியது, நடுவே கல். முன்னால் துனி 'பெருகிய' நெஞ்சம், அதே அடியில் 'பெரு'நீர். துயரத்தின் அளவும் நீரின் அளவும் ஒரே சொல்லடியில் கட்டப்பட்டிருக்கின்றன. தலைவி ஒரேயடியாகச் செத்துப்போவேன் என்று சொல்லவில்லை. மோத மோதக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதைச் சொல்கிறாள். புலவரின் இயற்பெயர் கிடைக்காமல், இந்தத் தொடரைக் கொண்டே கல்பொரு சிறுநுரையார் என்று அவரை அழைத்தார்கள்.

நம் தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறை சூழ்ந்திருப்பதால் கரையோரத்து நீர் அமைதியானது. மணலில் படரும் நுரைதான் பலர் மனத்தில் இருக்கும் படம். அதைக் கொண்டு இந்தப் பாட்டைப் படித்தால் 'பொரு' என்ற சொல்லின் வன்மை தெரியாது. சூயாக் பக்கம், பவளப்பாறைத் தடுப்பு இல்லாத கிரிகிரிக் கரையில், அலை நேராகக் கரும்பாறையில் மோதுவதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அதை விடைத்தாளில் எழுதாதீர்கள். பாட்டின் கரை தமிழகத்துக் கரை.

திணையைக் கடைசியில் எழுதுங்கள். இந்தப் பாட்டில் பூ இல்லை, பறவை இல்லை, பொழுதும் இல்லை. 'பெருநீர்' வெள்ளமாகவும் இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம். இருந்தும் நெய்தல் என்கிறோம், காரணம் உரிப்பொருளாகிய (பாட்டுக்குரிய உணர்வாகிய) இரங்கல், அதாவது பிரிவால் வருந்துவது. நிலமும் பொழுதும் முதற்பொருள், பூ, பறவை போன்றவை கருப்பொருள். 'முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே நுவலுங் காலை முறைசிறந் தனவே' என்ற நூற்பாவை உரையாசிரியர்கள் விளக்கும்போது, மூன்றில் உரியே சிறந்தது என்பார்கள். கடல் வந்தால் நெய்தல், மலை வந்தால் குறிஞ்சி என்று அட்டவணை போட்டுப் பார்ப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

பொழுது வரும் பாட்டுகளில் இன்னொரு கவனம் தேவை. முல்லைக்குரிய கார் ஆவணியும் புரட்டாசியும். அந்த மாதங்களில் மொரீசியஸில் குளிர் விலகும், மழை குறைவு. குறிஞ்சிக்குரிய முன்பனி மார்கழியும் தையும், இங்கே அது கோடையும் சூறாவளியும் வரும் காலம். மாதப் பெயரைக் கேட்டதும் நம் வானத்தை நினைத்தால், தலைவன் மழைக்கு முன் திரும்புவதாகச் சொன்ன வாக்கு ஏன் தலைவியை அத்தனை வருத்துகிறது என்பதே புரியாது. பாட்டின் ஓரத்தில் பென்சிலால் பருவத்தைக் குறித்துக்கொண்டு படியுங்கள்.

விடை எழுதும்போது சூழல், சொல், உவமை, யாப்பு, திணை என்று தனித்தனித் தலைப்பு போடுவதைவிட, ஒரு கருத்தை முன்வைத்து எல்லாவற்றையும் அதற்குச் சான்றாக்குவது நல்லது. இந்தப் பாட்டுக்கு 'ஆறுதல் சொல்பவளிடமே தலைவி தொலைவு காட்டுகிறாள்' என்பது அப்படி ஒரு கருத்து. ஒவ்வொரு பத்தியிலும் பாட்டின் சொற்களில் குறைந்தது இரண்டு மேற்கோளாக வரட்டும். பொழிப்புரை நான்கு வரியைத் தாண்ட வேண்டாம்.

அடுத்ததாகக் குறுந்தொகை 3ஐ எடுங்கள். நான்கே அடி. 'பெரிதே', 'உயர்ந்தன்று', 'ஆரளவின்றே' என்று பயனிலைகள் முன்னே வந்துவிட, எது பெரிது என்பதற்கு விடை 'நட்பே' என்று பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது. தோழி தலைவனைப் பழித்துப் பேசியதற்குத் தலைவி தரும் மறுமொழி அது. அந்த எழுவாயை ஏன் கடைசிவரை நிறுத்திவைத்தாள் என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.