கணினிக்கு யாரும் சொல்லாத விடயங்கள்: நிரலிலும் வகுப்பிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடிங் பழகும் பிள்ளைகள் விடும் பிழைகளில் அரைப்புள்ளி தவறியது, அடைப்புக்குறி மூடாதது எல்லாம் கணக்கிலேயே சேராது. அவற்றைக் கணினியே சிவப்பில் கோடு போட்டுக் காட்டிவிடும். ஆளைக் கவிழ்ப்பது வேறு வகை. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று எழுதியவர் மனதுக்குள் ஒன்று கிடக்கும், அது நிரலில் எங்கேயும் இருக்காது. திருகோணமலையில் பல வருடமாகக் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு, ஆசிரியர்களும் இதே தவறைத்தான் செய்கிறோம் என்று படுகிறது. வீட்டில் அம்மாவுக்குப் போன் பழக்குகிற பிள்ளைகளும் அப்படித்தான்.

அடையாள அட்டையை நாட்காட்டி என்று நம்புவது

தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடி. வளாகத்து முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. 2016-இல் வந்த 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம், மொத்தம் ஒன்பது, கடைசியில் வி அல்லது எக்ஸ்.

பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். ஐந்நூறைத் தாண்டினால் ஐந்நூறைக் கழி, மிச்சத்தில் ஒன்றைக் குறைத்து ஜனவரி முதலாம் திகதியோடு கூட்டு, முடிந்தது. சோதிப்பதற்குத் தங்கள் சொந்த இலக்கத்தையே போட்டுப் பார்ப்பார்கள். 2004-இல் பிறந்த பிள்ளைக்குச் சரியாக வரும். பக்கத்தில் இருப்பவர் 2005 ஜனவரியில் பிறந்தவர், அவருக்கும் சரி. பின்வாங்கில் 2003 மார்ச்சில் பிறந்த ஒருவர் இருந்தால்தான் கூத்து வெளிவரும். அவருடைய பிறந்தநாளை நிரல் ஒரு நாள் பிந்திக் காட்டும்.

காரணம் இதுதான். அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், லீப் வருடமோ இல்லையோ. ஆகவே மார்ச் 1 எந்த வருடத்திலும் 61ஆம் நாள். ஆனால் 2003ஆம் ஆண்டின் நாட்காட்டியில் 61ஆம் நாள் மார்ச் 2. டிசம்பர் 31-இல் பிறந்தவருக்கு 366 என்று இருக்கும். லீப் அல்லாத வருடத்தில் அப்படி ஒரு நாளே கிடையாது. இப்படி எழுதிய நிரல் அவரை அடுத்த வருட ஜனவரி முதலாம் திகதிக்குத் தள்ளிவிடும். 2004 லீப் வருடம் என்பதால் அந்த வருடத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் எவ்வளவு சோதித்தாலும் பிழை தலைகாட்டாது.

தவறு கணக்கில் என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்க எடுத்த இலக்கங்கள்தான் பிழை. பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய மூன்று நாளையும் லீப் வருடத்துக்கு ஒருமுறை, சாதாரண வருடத்துக்கு ஒருமுறை, ஆணுக்கும் பெண்ணுக்கும், பழைய அட்டைக்கும் புதியதற்கும் போட்டுப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய நிரல் என்றாலும் இதே சோதனைதான். அது எழுதியது என்பதற்காகப் பெப்ரவரி குறையாது.

இலக்கம் என்ற பெயர் இருப்பதால் எல்லாம் எண் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 026 என்று தொடங்கும் நம்முடைய ஊர்த் தொலைபேசி இலக்கத்தை எக்செல்லில் அடித்தால் முன்னால் உள்ள பூச்சியம் பறந்துவிடும். 12 இலக்க அடையாள எண் நடுவில் புள்ளியும் ஈ எழுத்துமாகச் சுருங்கி நிற்கும். கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எழுத்தாக வையுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்துப் போல எண்ணுவது

"திருகோணமலை" எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு என்று சொல்லும். கணினி பத்து என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ககரம் வேறு, அதில் ஏறும் ஓகாரக் குறி வேறு. சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 30. பெயர்ப் பெட்டிக்கு 20 பைட் போதும் என்று எவராவது தீர்மானித்திருந்தால் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்படும். எஸ்.எம்.எஸ் அனுப்பும் மென்பொருள் செய்பவர்களுக்கு இது காசு விடயம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிதான். பள்ளிக்கூடத்துப் பெற்றோருக்கு அனுப்பும் ஒரு சின்ன அறிவித்தல் மூன்று செய்தியாகி மூன்று மடங்கு செலவாகும்.

இன்னும் நுணுக்கமானது ஒன்று உண்டு. கோ என்ற எழுத்தை ஓகாரக் குறியோடும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது, கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் வருகிற பழைய ஆவணங்களோ இன்னொரு தலையிடி. அவை உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துகள்.

முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டி வைப்பதைப் பற்றி எழுதி எழுதிக் கை உளைந்துவிட்டது. முழுப்பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள்.

நேரம் எப்போதும் ஐந்தரைதான் என்று எண்ணுவது

இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். அதை அப்படியே 5.5 என்று நிரலில் எழுதுகிறார்கள். 1996 மே 25-இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஆறரை ஆனது. அதே வருடம் அக்டோபர் 26-இல் அரை மணி திரும்ப வந்து ஆறு ஆனது. 2006 ஏப்ரல் 15-இல்தான், புத்தாண்டு முடிந்த கையோடு, மறுபடியும் ஐந்தரை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996-இல் செய்த மாற்றங்களை ஏற்கவில்லை. ஆகவே திருகோணமலை நகரத்தில் ஒரு நேரம், கொட்டியார்குடாவின் மறுகரையில் சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம்.

பழைய கதைதானே என்று விடமுடியாது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இப்போது கலியாணம் பேசுகிறார்கள். 1999-இல் நகரத்தில் காலை 6.10-க்குப் பிறந்ததாகக் குறிப்பு இருந்தால், இன்றைய கடிகாரத்தில் அது 5.40. சாதகம் கணிக்கும் மென்பொருளில் 5.5 என்று நிலையாக எழுதியிருந்தால் அரை மணி பிசகும். லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது, ஓரத்தில் பிறந்த பிள்ளைக்கு லக்கினமே மாறிப்போகும். சாதகத்தை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், கணக்காவது சரியாக இருக்கட்டும். நேர வலயத்தில் சென்னை, கல்கத்தாவைத் தெரிவுசெய்தாலும் இன்றைக்கு மணி சரியாகக் காட்டும், 1999-க்குப் பிழைக்கும். கொழும்பைத் தெரிவுசெய்தால் இந்த மாற்றங்கள் எல்லாம் நேர வலயத் தரவில் ஏற்கெனவே இருக்கின்றன.

அதே 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம், அந்த எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. "இந்தப் பெறுமானம் இவ்வளவுக்கு மேலே போகாது" என்பது பழைய ராக்கெட்டுக்கு உண்மை. புதியதற்கு அதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

"விளங்கிச்சா?" என்று கேட்பது

வகுப்பில் நாம் கேட்கிற கேள்விகளில் ஆகப் பயனில்லாதது இது. எழுபது தலையும் ஆடும். விளங்காதவர் ஆட்டுவது மரியாதைக்கு, விளங்கியதாக நினைப்பவர் ஆட்டுவது நம்பிக்கையில். இரண்டிலும் ஆசிரியருக்குத் தகவல் இல்லை.

பலகையில் மூன்று வரி எழுதுங்கள். எக்ஸ் சமன் 5. வை சமன் எக்ஸ். எக்ஸ் சமன் 7. இப்போது வை எவ்வளவு? கதைக்காமல் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். உயர்தரத்தில் கணிதம் நன்றாகச் செய்த பிள்ளைகளில் கொஞ்சப் பேர் 7 என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்குச் சமன் என்றால் இரண்டு பக்கமும் என்றைக்கும் ஒன்று, பத்து வருடம் அப்படித்தானே படித்தார்கள். இங்கே அது ஒரு தடவை பெறுமானத்தை எடுத்து வைக்கிற வேலை மட்டும் என்று நாம் சொல்லவே இல்லை. பிறகு ரன் பண்ணிக் காட்டுங்கள், 5 வரும். தான் எழுதியது பிழைத்துப்போன பிள்ளை அந்த இடத்தை மறக்காது.

மாறிக்கு, அதாவது பெறுமானத்தை வைக்கிற இடத்துக்கு, "மொத்தம்" என்று பெயர் வைத்தால் கணினி தானாகக் கூட்டும் என்று நம்புகிற பிள்ளைகளும் உண்டு. கணினிக்குள் நம் எண்ணத்தை விளங்கிக்கொள்ளும் ஒரு மூளை இருக்கிறது என்ற இந்த மயக்கத்தை ரோய் பீ என்ற ஆய்வாளர் 1986-லேயே எழுதினார், புதிதாகப் பழகுபவர்களின் பல பிழைகளுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று.

மொழிப் பிரச்சினையைக் கோடிங் பிரச்சினை என்று எடுப்பதும் எங்களிடம் அதிகம். உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு வளாகத்துக்கு வந்ததும் எல்லாம் ஆங்கிலம். கேள்வியை வாசித்து விளங்காத பிள்ளைக்கு லூப் வராது என்று புள்ளியைக் குறைக்கிறோம். உனக்கு வசதியான மொழியில் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள், அதே பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சரியாக விளக்கும்.

திரையைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது

இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். மடிக்கணினித் திரையைச் சரித்து எடுத்த படம், மின்விசிறியின் நிழலும் விழுந்திருக்கும். கீழே, "சேர், வேலை செய்யுதில்ல." பைத்தன் என்ற நிரல் மொழியில் என்ன பிழை என்பது கடைசி வரியில்தான் எழுதியிருக்கும், படத்தில் அந்த வரி மட்டும் இருக்காது. நான் திருப்பி அனுப்புவது ஒரே கேள்வி: "கடைசி வரியை அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க." டைப் பண்ணும்போதே பாதிப்பேருக்குப் பிழை பிடிபட்டுவிடும். "பரவாயில்ல சேர், சரி வந்துட்டு" என்று வரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை நிலாவெளியில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் வழி சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது. "மேல மூன்று புள்ளி இருக்கும், அத அமத்துங்க." அம்மாவின் போனில் அந்தப் புள்ளி கீழே இருக்கும், அல்லது அவர் வேறு திரையில் நிற்பார். ஐந்து நிமிடத்தில் குரல் உயரும். முதலில் கேட்க வேண்டியது, "இப்ப உங்கட திரையில என்னம்மா எழுதியிருக்கு, வாசிங்க."

ஊருக்கு வந்து நிற்கும்போது போனைக் கையில் வாங்கி நாமே செய்து கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. ஆய்வுகூடத்தில் பிள்ளையின் மவுஸை வாங்கி மளமளவென்று திருத்திவிட்டுப் போகும் ஆசிரியரும் இந்தக் கணக்கில்தான். திருத்தியவருக்கு விரல் எங்கே போனது என்று தெரியும், பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, அவர் தொடும் ஒவ்வொரு இடத்தையும் அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். இரண்டு நிமிட வேலை இருபது நிமிடம் ஆகும்.