பெரியவருக்குத் திடீர்க் குழப்பமா? மாத்திரைப் பையை எடுத்துக் கொட்டுங்கள்

நேற்று வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா இன்று சாயங்காலம் சொந்த வீட்டிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடிக்கிறார், கையைப் பிடித்தால் உதறுகிறார் என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஞாபகமறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாக வரும். ஓரிரு நாளில் வருவது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். அதற்கு ஒரு காரணம் இருக்கும், பல நேரம் அது மருந்துதான். பேசாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே டெலிரியமாக இருக்கலாம்.

முதலில் ஆபத்தைப் பாருங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், காய்ச்சல், தலையில் அடி, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்று எது இருந்தாலும் 108தான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் என்றால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

அடுத்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எது புதிது, எது கூடியது, எது நின்றது? டாக்டர் சீட்டில் இல்லாததைத்தான் அதிகம் தேட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையின் பின்பக்கப் பொடி எழுத்தில் குளோர்பெனிரமைன் என்று இருக்கும். இளவட்டத்துக்குத் தூக்கம் மட்டும் வரும், எழுபது வயதுக்காரருக்கோ நினைவுக்குத் தேவையான மூளை ரசாயனமான அசிட்டைல்கோலினை அது தடுத்துவிடும், போதாததற்கு மலமும் சிறுநீரும் கட்டிக்கொண்டு குழப்பம் இன்னும் கூடும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின், வலிக்கான டிராமடால், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், ஸ்டீராய்டு ஆகியவையும் குழப்பம் தரலாம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நாள்பட எடுத்த அல்பிரசோலத்தைப் பட்டென்று நிறுத்தினால் பதற்றம் ஏறும், வலிப்பே வரலாம். பட்டியலோடு அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

அதுவரை விளக்கைப் போட்டு, கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். "இதுதான்பா நம்ம வீடு" என்று வாதாடாமல் "சரிப்பா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்லுங்கள். கட்டிப்போடவே கூடாது. அடங்கட்டும் என்று இன்னொரு தூக்க மாத்திரையும் வேண்டாம். பார்கின்சன் (நடுக்குவாத நோய்) இருந்தால் ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அமைதிப்படுத்தப் போடும் ஹாலோபெரிடால் ஊசி அவர்களின் உடலை இறுக்கி முடக்கிவிடும்.