கல்லாயைப் பார்க்க வேண்டுமென்றால் நிலம்பூரில் தொடங்குங்கள்

கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள், ஒரு காலத்தில் பெரிய மரச்சந்தையாக இருந்த கல்லாயின் பாலத்தில் சற்று நின்று, "இங்கேயா அவ்வளவு மரம் இருந்தது?" என்று கேட்டுவிட்டு மிட்டாய்த் தெருவுக்கு அல்வா வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பொள்ளாச்சியில் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை எங்களுடையது. என் அப்பா காலத்தில் தேக்கு என்றாலே கல்லாய் என்றுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரை இப்படிப் பார்த்துவிட்டுப் போவதை என் மனம் ஏற்கவில்லை. முறையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மரம் வந்த வழியிலேயே நீங்களும் வர வேண்டும். ஷொர்ணூரில் வண்டி மாறி நிலம்பூருக்குப் போங்கள். அங்கே சாலியாற்றின் கரையில், மலபார் கலெக்டராக இருந்த கனோலி 1840-களில் தொடங்கிய தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்றது. நட்டு வளர்க்கும் வேலையை நடத்தியவர் சாத்து மேனன். மரங்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தானாக விளைந்த தேக்கைக் கப்பல் கட்ட வெட்டிக்கொண்டே போய், இனிக் கிடைக்காது என்ற பயம் வந்த பிறகுதான் நடும் எண்ணமே பிறந்தது. கல்லாய் செழிப்பாக இருந்த காலத்துக்கு முன்பே மேலே காடு மெலியத் தொடங்கிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

எடவண்ணை, அரீக்கோடு வழியாகப் போனால் சாலியாறு அவ்வப்போது கண்ணில் படும். மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது கட்டைகளைத் தெப்பமாகப் பிணைத்து மிதக்க விட்டார்கள். கனமான மரம் தானாக மிதக்காது; மூங்கிலைச் சேர்த்துக் கட்டினால்தான் தண்ணீர் தாங்கும்.

கல்லாய் ஆறு சிறியது. தேக்குக் காட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தெற்கே சாலியாற்றோடு வெட்டுக் கால்வாய் ஒன்று அதை இணைத்தது. வடக்கே 1848-இல் வெட்டிய கனோலி கால்வாய் கோரப்புழை ஆற்றோடு சேர்த்தது. பக்கத்திலேயே கடல், பிறகு ரயில் நிலையமும் கரையருகே வந்தது. நகரத்துக்குள் அரயிடத்துப்பாலம் அருகே கனோலி கால்வாயைப் பார்த்துவிட்டு வந்தால் கல்லாய் ஏன் அங்கே முளைத்தது என்பது விளங்கும்.

கல்லாய்க்குக் காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்தில் பல மரம் அறுக்கும் மில்கள் ஓய்ந்திருக்கும். நீர் வற்றும் நேரமாக இருந்தால் கரையோரச் சேறும், ஆறு எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ஒரு காலத்தில் இந்த நீர் முழுவதும் கட்டை மிதந்தது. தண்ணீரில் ஊறும் மரம் வெடிக்காது, பூச்சியும் அரிக்காது.

மில்லில் அனுமதி கேட்டு ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெயிண்டால் எழுதிய எண்களும், பிளவு விரியாமல் இருக்க அடித்திறக்கிய பாம்பு போல வளைந்த தகடும் இருந்தால், பெரும்பாலும் அது கப்பலில் வந்த வெளிநாட்டு மரம். அளவையும் நீங்களே போட்டுப் பாருங்கள். நடுவில் நாடாவைச் சுற்றி, வரும் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். ஆறு அடிச் சுற்றளவும் பத்து அடி நீளமும் உள்ள கட்டைக்கு 22.5 கன அடி வரும். உண்மையில் அதில் 28 கன அடிக்கு மேல் மரம் இருக்கிறது. அறுப்பில் போகும் ஓரப்பலகைக்கும் தூளுக்குமாக விட்டுக்கொடுக்கிற கணக்கு இது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசினால் மில்காரர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.

தொழில் ஏன் படுத்தது என்று ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் பிளைவுட்டைச் சொல்வார், இன்னொருவர் இரும்புக் கதவை, மற்றொருவர் ஆறு தூர்ந்ததை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஆண்டுகளையும் குறியுங்கள். 1971-இல் கேரளம் தனியார் காடுகளை அரசுடைமை ஆக்கியது. 1980-இல் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. வழக்குக்குக் காரணம் நம் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்துக் காடு அழிந்தது. சாலியாற்றுக்குத் தண்ணீர் தரும் ஓடைகளில் சில கூடலூர் மலையில்தான் பிறக்கின்றன. கல்லாய்க்காரர்களின் பிழைப்பு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்திருக்கவே வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மதியத்துக்கு மேல் பேப்பூர் போய் ‘உரு’ என்னும் மரக்கப்பல் கட்டும் இடத்தைப் பாருங்கள். கயிறும் கப்பியும் கொண்டு பெரும் பாரத்தை நகர்த்தும் கலாசிகளின் கைவேலை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலுக்குக் கோழிக்கோடு நிலையத்துக்கே வந்துவிடுங்கள். கல்லாயில் விரைவு வண்டிகள் நிற்பதில்லை.