கடல்நீர்த் தொட்டியில் ப்ளே சாண்ட்: என் அனுபவம்

டெக்சாஸ் வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர் மீன்தொட்டிக்கு அரகோனைட் மணல் (கடல் தொட்டிகளில் போடும் சுண்ணாம்பு மணல்) விலை கேட்டேன், தலை சுற்றியது. குழந்தைகள் விளையாடப் போடும் ப்ளே சாண்ட், 50 பவுண்டு மூட்டை, ஹார்டுவேர் கடையில் சில டாலர்தான். அதையே தூக்கி வந்துவிட்டேன்.

ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றினேன். நுரைக்கவில்லை. சுண்ணாம்பு இல்லை, சிலிக்கா மணல். அரகோனைட் மாதிரி தண்ணீரின் பிஎச்சுக்கு (அமில-கார அளவு) இது கைகொடுக்காது. ஆல்கலினிட்டி (பிஎச் இறங்காமல் தாங்கும் திறன்) பார்த்து, அதைக் கூட்டும் பஃபர் உப்பு சேர்த்துக்கொள்கிறேன். காந்தத்தை விட்டுத் துழாவியதில் இரும்பு கலந்த கருப்புத் துகள்கள் கொஞ்சம் ஒட்டின, எடுத்துப் போட்டேன்.

கழுவுவதற்குள்தான் இடுப்பு ஒடிந்துவிடும்! பக்கெட்டில் கால்வாசி மணல் போட்டு, ஹோஸை அடிவரை விட்டுக் கிளறினால் பால் பாலாகத் தண்ணீர் வழியும். தெளிகிற வரை விடக்கூடாது. சோம்பல்பட்டால் தொட்டி நாள்கணக்கில் கலங்கிக் கிடக்கும்.

சில வாரங்களில் மணல்மேல் பழுப்புப் படலம் வந்தது. டயட்டம், அதாவது சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. உடனே எல்லோரும் சிலிக்கா மணலைத் திட்டுவார்கள். ஆனால் சிலிக்கா மணல் என்பது குவார்ட்ஸ், அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. எனக்கு டாப்-அப் செய்யும் (ஆவியாகிக் குறைந்ததற்கு ஈடாக ஊற்றும்) குழாய்த் தண்ணீர்மேல்தான் சந்தேகம். சிலிகேட் (கரைந்த சிலிக்கா) அளக்கும் கிட்டில் சோதித்தேன், குழாய்த் தண்ணீரிலேயே நன்றாக நிறம் காட்டியது. கரைந்த உப்புகளை வடிகட்டி எடுத்த ஆர்ஓ-டிஐ தண்ணீருக்கு மாறி, பாசி மேயும் செரித் நத்தைகளை இறக்கினேன். படலம் மெல்லக் குறைந்து போயே போய்விட்டது.

மணலை ஒரு அங்குலத்துக்குள் நிறுத்தியிருக்கிறேன். நைசான மணல், பம்ப் நேராக அடித்தால் பறந்து அடிக் கண்ணாடி தெரிகிறது. பம்பின் வாயை மேல்பக்கம் திருப்பி வைத்தாயிற்று.