அமெரிக்க வரலாறு ரிவிஷனுக்கு ஸ்கேவெஞ்சர் ஹன்ட் வைக்கிறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

அமெரிக்கால ஸ்கூல் டீச்சராவோ சப்ஸ்டிட்யூட்டாவோ கிளாஸ் வாலன்டியராவோ இருக்கற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன், குறிப்பா அஞ்சாங்கிளாஸ், எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கறவங்களுக்கு. 1607-ல இங்கிலீஷ்காரங்க குடியேறின ஜேம்ஸ்டவுன்ல ஆரம்பிச்சு 1791 பில் ஆஃப் ரைட்ஸ் (மக்களோட உரிமைகளைச் சொல்ற அரசியல் சட்டத் திருத்தங்கள்) வரைக்கும் நூத்தி எண்பது வருஷத்துக்கு மேல இருக்கு, அதை டெஸ்டுக்கு முன்னாடி ஒரே பீரியட்ல திருப்பிப் பாக்கணும்னா ஸ்கேவெஞ்சர் ஹன்ட் (அங்கங்க கேள்விக் கார்டு ஒட்டி வச்சு, பசங்க தேடிப் போய் பதில் எழுதற விளையாட்டு) நல்ல வழிதான், பசங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா நான் பாத்த முக்கால்வாசி ஹன்ட்ல காலுக்கு மட்டும்தான் வேலை இருக்கு, கார்டைத் தேடறாங்க, எழுதறாங்க, அடுத்த கார்டுக்கு ஓடறாங்க, மறுநாள் கேட்டா ஸ்டாம்ப் ஆக்ட் (காலனிகள்ல காகிதங்களுக்கு பிரிட்டன் போட்ட வரி) முதல்ல வந்துச்சா டீ பார்ட்டி முதல்ல வந்துச்சான்னு தெரியல. பசங்க மேல தப்பு இல்லங்க, கார்டு எழுதின விதம் அப்படி.

எல்லாரும் பண்ற முதல் தப்பு, பதிலையும் கார்டுலயே எழுதி வைக்கிறது. "1773 டிசம்பர் 16 அன்னிக்கு போஸ்டன் டீ பார்ட்டி நடந்துச்சு, 342 பெட்டி டீயைக் கடல்ல கொட்டினாங்க"ன்னு சுவத்துல ஒட்டிட்டு, கையில குடுத்த ஷீட்ல "எத்தனை பெட்டி?"ன்னு கேட்டா பையன் 342-ன்னு எழுதிட்டுப் போயிடுவான், அவன் காப்பி அடிச்சான், அவ்வளவுதான். அதையே இப்படி மாத்திக் கேளுங்க: 1773 டீ ஆக்ட் வந்தப்போ காலனிகள்ல டீ விலை குறையத்தான் போச்சு, அப்புறம் ஏன் அவ்வளவு கோபம்? இதுக்கு பதில் சொல்லணும்னா பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல நமக்கு ஆளே இல்லாம வரி போடறாங்கங்கற விஷயம், டவுன்ஷெண்ட்ங்கற பிரிட்டிஷ் நிதி மந்திரி காலத்து மூணு பென்னி வரி அப்படியே ஒட்டிட்டு இருந்த விஷயம், கம்பெனி நேரடியா விக்க ஆரம்பிச்சா உள்ளூர் வியாபாரிக்கும் கடத்தல்காரங்களுக்கும் பொழப்பு போயிடும்ங்கற விஷயம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தாகணும். நாலு பேர் ஒரு குரூப்பா நின்னு வாக்குவாதம் பண்ணுவாங்க, அதுதான் ரிவிஷன். (அந்தக் கம்பெனி வேற யாரும் இல்ல, சென்னைல ஜார்ஜ் கோட்டை கட்டின அதே கிழக்கிந்தியக் கம்பெனி. டீ வந்தது சைனாலேர்ந்து. இந்த ரெண்டையும் சொன்னா எந்த ஊர்ப் பசங்களா இருந்தாலும் கண்ணை விரிச்சுப் பாப்பாங்க.)

வருஷத்தை மட்டும் கேக்கறதும் இதே ரகம்தான். அஞ்சாறு தேதி கட்டாயம் தெரியணும், ஒத்துக்கறேன், ஆனா அதைவிட வரிசை தெரியணும், எதனால எது நடந்துச்சுன்னு தெரியணும். நான் சொல்றது என்னன்னா ஒரு ஸ்டேஷனை (கார்டு வச்சிருக்கற ஒரு இடத்தை) முழுக்க வரிசைக்குன்னே ஒதுக்குங்க, தேதி போடாம ஆறு கார்டு வைங்க, பிரெஞ்ச் அண்ட் இந்தியன் வார் (பிரான்ஸோட பிரிட்டன் நடத்தின போர்) முடியறது, ஸ்டாம்ப் ஆக்ட், போஸ்டன் மாஸக்கர் (பிரிட்டிஷ் சோல்ஜர்ஸ் ஜனங்களைச் சுட்டது), டீ பார்ட்டி, லெக்ஸிங்டன் சண்டை, சுதந்திரப் பிரகடனம், இதை அடுக்கச் சொல்லி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல "இதனால" போட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. போர் நடத்தி கஜானா காலியாச்சு, இதனால வரி, வரியால எதிர்ப்பு, எதிர்ப்பு வந்ததால பட்டாளம் போஸ்டன்ல இறங்குச்சு, அப்படியே போகும். இங்க கிட்டத்தட்ட எல்லா குரூப்பும் தடுக்கி விழற இடம் ஒண்ணு உண்டு, பிரகடனத்தை எழுதி அனுப்பின பிறகுதான் சண்டையே ஆரம்பிச்சுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. லெக்ஸிங்டன்ல துப்பாக்கி வெடிச்சது 1775 ஏப்ரல் 19, பிரகடனம் 1776 ஜூலை, நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல ஆள் செத்துட்டு இருந்தாங்க, வாஷிங்டன் படைத் தலைவரா பொறுப்பேத்து ஒரு வருஷம் ஆயிடுச்சு. இந்த ஒரு குழப்பம் தீந்தாலே ஹன்ட் வச்சதுக்குப் பலன் கிடைச்ச மாதிரி.

அதே மாதிரி பிரகடனத்தையும் கான்ஸ்டிடியூஷனையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறது. ரெண்டுக்கும் நடுவுல பதினோரு வருஷம் இருக்கு, அந்த நடுவுல ஆர்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, வரி போட காங்கிரஸுக்கு அதிகாரம் இல்ல, ஒரு திருத்தம் பண்ணணும்னா 13 ஸ்டேட்டும் சம்மதிக்கணும், அது ஓடல. பெரும்பாலான ரெடிமேட் ஹன்ட்ல இதுக்கு ஒரு கார்டு கூட இருக்காது, பிரிட்டிஷ் படை சரணடைஞ்ச யார்க்டவுன்லேர்ந்து நேரா கான்ஸ்டிடியூஷன் எழுதின 1787 பிலடெல்ஃபியாவுக்குத் தாவிடும். தயவுசெஞ்சு ஒரு கார்டு போடுங்க, 1786-87 ஷேஸ் கலகத்தை வச்சு "மாசசூசெட்ஸ்ல விவசாயிங்க கடன் தாங்காம கிளம்பினப்போ காங்கிரஸால ஏன் ஒரு பட்டாளம் கூட அனுப்ப முடியல?"ன்னு கேட்டா போதும்.

இப்போ ஒரு டெக்னிக்கல் தப்பு, இதுல சிக்கினா மொத்த கிளாஸும் அல்லோலகல்லோலம் ஆயிடும். ஒரு கார்டோட பதில் அடுத்த கார்டோட தலைப்புல இருக்கும், அதைத் தேடிப் போகணும்ங்கற மாதிரி சங்கிலியா ஹன்ட் செய்வோம் இல்லையா, அதுல ரெண்டு கேள்விக்கு ஒரே பதில் வரக் கூடாது. சொல்றதுக்கு சிம்பிள், ஆனா இந்தப் பாடத்துல அது ரொம்ப கஷ்டம், ஏன்னா பதில் எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. பிலடெல்ஃபியான்னு பதில் வச்சீங்கன்னா 1774 காங்கிரஸும் அங்கதான், 1776 பிரகடனமும் அங்கதான், 1787 கன்வென்ஷனும் அங்கதான். பாரிஸ் ஒப்பந்தம்னு வச்சா 1763-ல ஒண்ணு, 1783-ல ஒண்ணு. ஆடம்ஸ்னா ஜானா சாமுவேலா? வர்ஜீனியாக்காரர்னா வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், பேட்ரிக் ஹென்ரின்னு வரிசையா நிப்பாங்க. பாதி கிளாஸ் தப்பான கார்டுக்குப் போயி நடுவுல நாலு ஸ்டேஷனை விட்டுட்டு "முடிச்சாச்சு"ன்னு வந்து நிக்கும். அதனால பதில்ல வருஷத்தையோ முழுப் பேரையோ சேத்துடுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை சங்கிலியைச் சுத்தி வந்து பாத்துடுங்க. எல்லா குரூப்பையும் ஒரே கார்டுல ஆரம்பிக்க விடாதீங்க, ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்ல நிறுத்திக் கிளப்புங்க, இல்லன்னா முதல் கார்டு முன்னாடி இருபத்தஞ்சு தலை.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், கட்டுக்கதையை உண்மைன்னு கார்டுல போடறது. பாடம் நடத்தறப்போ தப்பா சொன்னா பாதிப் பேர் கவனிச்சிருக்கவே மாட்டாங்க, ஆனா ஓடித் தேடிக் கண்டுபிடிச்ச பதில் பசங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், தப்பா இருந்தாலும் நிக்கும். வாஷிங்டனுக்கு மரப் பல் இருந்துச்சுன்னு இன்னும் கார்டு வருது, அவரோட பல் செட் தந்தம், உலோகம், மனுஷப் பல் இதெல்லாம் வச்சு செஞ்சது, மரம் கிடையாது. மாசசூசெட்ஸ்ல இருக்கற சேலம்ல 1692-ல சூனியக்காரின்னு சொல்லி எரிச்சாங்கன்னு போடறாங்க, ஒருத்தரையும் எரிக்கல, 19 பேரைத் தூக்குல போட்டாங்க, ஜைல்ஸ் கோரிங்கற முதியவரைக் கல்லை வச்சு அழுத்திக் கொன்னாங்க. கொடியை முதல்ல தைச்சது பெட்ஸி ராஸ்னு சொல்ற கதை அவங்க பேரன் 1870-ல சொல்லித்தான் வெளிய வந்துச்சு, அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்ல. பிரிட்டிஷ் படை வருதுன்னு எச்சரிக்க பால் ரிவீர் ஒத்தை ஆளா குதிரை ஓட்டி கான்கார்ட் வரைக்கும் போனார்னு நினைக்கறாங்க, வில்லியம் டாஸும் கிளம்பினார், சாமுவேல் பிரெஸ்காட்டும் வழியில சேந்துக்கிட்டார், ரிவீரை நடுவழில பிரிட்டிஷ்காரங்க பிடிச்சுட்டாங்க, கான்கார்டுக்கு செய்தி கொண்டு போய்ச் சேத்தது பிரெஸ்காட்தான். 1776 ஜூலை 4 அன்னிக்கு பிரகடனத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கங்கறதும் அப்படித்தான், சுதந்திரத்துக்கான ஓட்டு ஜூலை 2, வாசகத்தை ஏத்துக்கிட்டது ஜூலை 4, பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. இதையெல்லாம் தூக்கிப் போட வேண்டாம், இதையே ஒரு ஸ்டேஷனா மாத்துங்க, "இது உண்மையா, பாதி உண்மையா, எப்படிக் கண்டுபிடிப்பே?"ன்னு கேளுங்க.

படம் வைக்கறவங்களும் கொஞ்சம் கவனமா இருக்கணும். போஸ்டன் மாஸக்கர் பத்தி ரிவீர் 1770-ல வெளியிட்ட படத்தை அலங்காரத்துக்கு ஒட்டிட்டு "இது எந்த சம்பவம்?"னு கேக்கறது பெரிய வேஸ்ட். அந்தப் படமே ஒரு பிரச்சாரம்ங்க. சோல்ஜர்ஸ் வரிசையா நின்னு சுடறாங்க, பின்னாடி கேப்டன் பிரெஸ்டன் வாளைத் தூக்கி ஆர்டர் குடுக்கற மாதிரி இருக்கு, பக்கத்துக் கட்டடத்துல கசாப்புக் கூடம்னு அர்த்தம் வர்ற போர்டு, ஜனங்க கையில ஒரு குச்சி கூட இல்ல. கோர்ட்ல நடந்தது வேற, ஜான் ஆடம்ஸே அந்த சோல்ஜர்ஸுக்காக வாதாடினார், பிரெஸ்டன் விடுதலை, எட்டு சோல்ஜர்ஸ்ல ஆறு பேர் விடுதலை, ரெண்டு பேருக்கு மட்டும் தண்டனை. "இதை வரைஞ்சவர் உங்களை யார் பக்கம் இழுக்கறார், எதை வச்சு சொல்றீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, நாலு நிமிஷம் அந்தப் படத்தை விட்டு நகர மாட்டாங்க.

அடிமைமுறையையும் பூர்வகுடி மக்களையும் ஹன்ட்ல எப்படி வைக்கிறதுங்கறதுல ரெண்டு விதமா தப்பு நடக்குது. ஒண்ணு, ஜாலியான கேம்ல எதுக்குன்னு மொத்தமா விட்டுடறது. இன்னொண்ணு அதைவிட மோசம், அதையும் விளையாட்டாக்கறது, பேப்பர் இறகு கட்டிக்கிட்டு இந்தியன் மாதிரி கத்தணும், அடிமைக் கப்பல் ஸ்டேஷன்ல நெருக்கி உக்காரணும்னு எல்லாம். யாரோட தாத்தா பாட்டி பட்ட வேதனையையும் டைமர் வச்சு நடிக்கச் சொல்லாதீங்க, அந்தக் கிளாஸ்லயே அவங்க வம்சத்துப் பிள்ளை உக்காந்திருக்கும். இந்த விஷயங்களுக்குன்னு ஒரு ஸ்டேஷன்ல நாற்காலி போடுங்க, அங்க நேரக் கணக்கு கிடையாதுன்னு சொல்லிடுங்க, உக்காந்து படிக்கட்டும். 1619-ங்கற ஒரே வருஷத்துல வர்ஜீனியால மக்கள் பிரதிநிதிகள் சபையும் முதல்முதலா கூடுச்சு, சில வாரத்துலயே பிடிச்சுட்டு வந்த ஆப்பிரிக்கர்களும் பாயின்ட் கம்ஃபர்ட்ல கொண்டு வந்து இறக்கப்பட்டாங்க, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே பசங்க கேள்வி கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. வாஷிங்டன் 1799-ல சாகறப்போ மவுன்ட் வெர்னன்ல 317 பேர் அடிமையா இருந்தாங்க, அதையும் அவரோட கார்டுலயே சேத்துப் போடுங்க, தனியா ஒரு மூலைல ஒளிச்சு வைக்காதீங்க.

பிளிமத் பத்தி எழுதறப்போ, அங்க குடியேறினவங்களுக்கு உதவின பூர்வகுடிக்காரர் டிஸ்குவாண்டம் (ஸ்குவாண்டோ) எப்படி இங்கிலீஷ் பேசினார்னு ஒரு கேள்வி வைங்க. 1614-ல ஒரு இங்கிலீஷ் கேப்டன் அவரைக் கடத்திட்டுப் போயி ஸ்பெயின்ல விக்கப் பாத்தான், அங்கேர்ந்து இங்கிலாந்து வந்து மொழி கத்துக்கிட்டு ஊர் திரும்பினா பட்டுக்ஸெட்ங்கற அவர் கிராமமே கொள்ளை நோய்ல அழிஞ்சு கிடக்கு, பிளிமத் காலனி எழும்பினது அந்த இடத்துலதான். இது தெரிஞ்ச பிள்ளைக்கு 1621 அறுவடை விருந்து (தேங்க்ஸ்கிவிங் கதைக்கு மூலம்) வெறும் வான்கோழி சமாச்சாரமா தெரியாது. அப்புறம் அவரோட இனமான வாம்பனோக் மக்களை "இருந்தாங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, மாசசூசெட்ஸ்ல இன்னிக்கும் இருக்காங்க.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமா சொல்லிடறேன். முதல்ல முடிக்கற குரூப்புக்குப் பரிசுன்னு சொல்லாதீங்க, சொன்னா ஒருத்தன் எழுதுவான் மூணு பேர் ஓடுவாங்க, அதனால ஆளுக்கு ஒரு ஷீட் குடுங்க. கியூஆர் கோடை மட்டும் நம்பாதீங்க, வைஃபை போச்சுன்னா கிளாஸ் போச்சு. காரிடார்ல ஒட்டினா பக்கத்துக் கிளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வீல்சேர்ல வர்ற பிள்ளைக்கு எட்டற உயரத்துல ஒட்டுங்க, இங்கிலீஷ் இப்போதான் பழகற பிள்ளைக்குப் படமும் பெரிய எழுத்தும் வேணும். பதினஞ்சு ஸ்டேஷன் எல்லாம் ஓவர், ஒரு பீரியடுக்கு ஏழு எட்டு போதும்.

போனஸ் கேள்வி வைக்கிறதா இருந்தா பாடத்தை வெளி உலகத்தோட சேக்கற மாதிரி வைங்க. யார்க்டவுன்ல 1781-ல சரணடைஞ்ச கார்ன்வாலிஸ் அப்புறம் எங்க போனார்? இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்து 1792-ல திப்பு சுல்தானை ஸ்ரீரங்கப்பட்டணத்துல பணிய வச்சார். கனெக்டிகட்ல இருக்கற யேல் காலேஜுக்குப் பேர் குடுத்த எலிஹு யேல் போஸ்டன்ல பொறந்து மெட்ராஸ்ல கவர்னரா இருந்தவர்.

கடைசியா நேரம். டெஸ்டுக்கு முதல் நாள் ஹன்ட் வைக்காதீங்க, தப்பு தெரிஞ்சாலும் திருத்த நாள் இருக்காது, மூணு நாலு நாள் முன்னாடி வைங்க. நாப்பத்தஞ்சு நிமிஷ கிளாஸ்னா இருபத்தஞ்சு நிமிஷத்துல தேடறதை நிறுத்திடுங்க, யாராவது முடிக்காம இருந்தாலும் பரவாயில்ல, மிச்ச நேரத்துல எல்லாரையும் உக்கார வச்சு எந்தக் கார்டுல வாக்குவாதம் வந்துச்சுன்னு கேட்டுப் பேச விடுங்க. ஷீட்டை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு அன்னிக்கு சாயங்காலம் எந்தக் கேள்வில அதிகம் பேர் சறுக்கியிருக்காங்கன்னு மட்டும் பாருங்க, மார்க் போட வேண்டாம், அடுத்த நாள் முதல் பத்து நிமிஷம் அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்ப நடத்துங்க, அது முடிஞ்சதும் ஒவ்வொரு குரூப்பும் அடுத்த செக்ஷன் பசங்களுக்குன்னு சொந்தமா ஒரு கார்டு எழுதட்டும்.