ரவிக்கை தையற்கூலியைக் கணக்கிடுவது எப்படி?

பக்கத்துக் கடையின் விலைப்பலகையைப் பார்த்துக் கூலி வைப்பதற்கு முன், வாடகை, மின்கட்டணம், இயந்திரப் பழுது, தேய்மானம் ஆகியவற்றோடு உங்களுக்கான மாதச் சம்பளத்தையும் கூட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசித் தொகையைத்தான். மொத்தம் 30,000 ரூபாய் என்று கொள்வோம். மாதத்தில் கடை 200 மணி நேரம் திறந்திருந்தாலும், அளவெடுப்பது, பேச்சு, இலவசத் திருத்தம் எல்லாம் போகத் தைப்பதற்கு 150 மணி நேரமே கிடைக்கிறது என்றால், ஒரு மணி நேரத்தின் அடக்கம் 150 அல்ல, 200 ரூபாய். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் ரவிக்கைக்கு 300 ரூபாயும், லைனிங் துணி, நூல், கொக்கிகளுக்கு 60 ரூபாயுமாக அடக்கவிலை 360 ஆகிறது. விற்பனை விலையில் 20 விழுக்காடு லாபமாக நிற்க வேண்டுமானால் 360-ஐ 0.8-ஆல் வகுத்து 450 ரூபாய் வாங்க வேண்டும். அடக்கத்தின்மேல் 20 விழுக்காடு ஏற்றினால் 432 ரூபாய்தான் வரும். தீபாவளி நெருக்கத்தில் கூடுதல் ஆள் வைத்தால், இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.