பட்டம் வென்ற பிறகு செய்யக்கூடாத தவறுகள்

குத்துச்சண்டை போன்ற சண்டை விளையாட்டுகளில் சாம்பியன் பட்டத்தை வெல்வது எப்படி என்று சொல்லித்தர ஏராளமான பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வென்ற மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருபவர்கள் மிகக் குறைவு. பட்டம் மேடையில் பறிபோவதுபோல் நமக்குத் தெரிகிறது. என் கணக்கில், அது பல மாதங்களுக்கு முன்பே கைநழுவத் தொடங்கிவிடுகிறது.

முதலும் பெரியதுமான தவறு, வெற்றியோடு வேலை முடிந்தது என்று உடல் நினைத்துக்கொள்ள இடம் கொடுப்பது. 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில், அதுவரை 37 போட்டிகளில் தோல்வியே காணாத மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் வீழ்த்தினார். தாயை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் டக்ளஸ் ஆடிய ஆட்டம் அது. அன்று அவருடைய எடை சுமார் 231 பவுண்டு. அதே ஆண்டு அக்டோபரில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராகப் பட்டத்தைக் காக்க வந்தபோது 246 பவுண்டு. மூன்றாவது சுற்றிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவரைச் சோம்பேறி என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாயின் துக்கம் ஆறுவதற்குள் போட்டி ஏற்பாட்டாளர்களோடு வழக்கு, டோக்கியோ முடிவையே மாற்றக் கோரும் டைசன் தரப்பு முறையீடு என்று அந்த மாதங்கள் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் கரைந்தன. ஆனாலும் தராசு காரணம் கேட்பதில்லை.

2019-லும் இதே கதை. ஜூனில் நியூயார்க்கில் ஆண்டனி ஜோஷுவாவை வீழ்த்திய ஆண்டி ரூயிஸ், டிசம்பரில் சவூதி அரேபியாவில் நடந்த மறுபோட்டிக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கூடுதல் எடையோடு வந்தார். தோற்றவரான ஜோஷுவாவோ எடையைக் குறைத்து, கால்களை நம்பி ஆடி, புள்ளிகளில் வென்றார். கொண்டாட்டத்தில் மூழ்கிப் பயிற்சியைக் கோட்டைவிட்டதை ரூயிஸே பின்னர் ஒப்புக்கொண்டார். இதற்கு மருந்து எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்: பட்டம் வென்ற வாரத்திலேயே அடுத்த பயிற்சி முகாமின் தொடக்க நாளைப் பயிற்சியாளர் குறித்துவிட வேண்டும். போட்டி இல்லாத மாதங்களுக்கும் ஓர் எடை வரம்பு வைத்து, வாராவாரம் பார்க்க வேண்டும்.

எதிராளியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டி நடக்கும் ஊரையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2001 ஏப்ரலில் லெனாக்ஸ் லூயிஸ் தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மானை எதிர்கொண்டார். ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த மெல்லிய காற்றுக்குப் பழக ரஹ்மான் வெகு முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். ஹாலிவுட் படமொன்றில் தலைகாட்டிவிட்டு லூயிஸ் தாமதமாக வந்தார். ஐந்தாவது சுற்றில் ஒரே குத்து, பட்டம் போனது. நவம்பரில் நடந்த மறுபோட்டிக்கு ஒழுங்காகத் தயாராகி, நான்காவது சுற்றில் அதை மீட்டார். ஆள் அதே ஆள்தான். நடுவில் இருந்த மாதங்கள் வேறு.

தராசிலேயே பட்டம் இழந்தவர்களும் உண்டு. 2022 மே மாதம், யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி அமைப்பின் லைட்வெயிட் சாம்பியன் சார்லஸ் ஒலிவேரா தம் எடைப் பிரிவின் வரம்பைவிட அரை பவுண்டு கூடுதலாக நின்றார். சாதாரணப் போட்டிகளில் கிடைக்கும் ஒரு பவுண்டு சலுகை பட்டப் போட்டியில் கிடையாது. மறுநாள் ஜஸ்டின் கேத்ஜியை முதல் சுற்றிலேயே அவர் மடக்கினார், ஆனால் பட்டத்துக்குரிய பெல்ட் அவருக்கு இல்லை. இதற்குப் பயந்து கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வியர்வையில் எடையைக் கரைப்பது இன்னும் பெரிய தவறு. 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற சண்டைப் போட்டி அமைப்பின் போட்டிக்காக மணிலா சென்ற சீன வீரர் யாங் ஜியான் பிங், எடைக் குறைப்பின்போது உயிரிழந்தார். வயது 21. அதன் பிறகு அந்த அமைப்பு உடலின் நீர்ச்சத்தையும் சோதிக்கத் தொடங்கியது. வரம்புக்குள் வர ஒவ்வொரு முறையும் உயிரைப் பிழிய வேண்டியிருந்தால், அந்த எடைப் பிரிவே தவறு. மேல் பிரிவுக்குப் போக அஞ்ச வேண்டாம்.

ஒப்பந்தத்தையும் படியுங்கள். 2015 நவம்பரில் விளாதிமிர் கிளிட்ச்கோவை வென்ற டைசன் ஃபியூரியிடமிருந்து இரண்டே வாரங்களில், பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப் (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) தன் பட்டத்தைப் பறித்தது. கிளிட்ச்கோவுடன் மறுபோட்டிக்கு ஏற்கெனவே கட்டுப்பட்டிருந்ததால், சாம்பியன் சந்தித்தே ஆக வேண்டும் என்று ஐபிஎஃப் குறித்த கட்டாயப் போட்டியாளரை ஃபியூரியால் சந்திக்க முடியவில்லை.

கடைசித் தவறு பற்றி எழுதவே மனம் கனக்கிறது. 1980 அக்டோபர் 2 அன்று, 38 வயது முகமது அலி, தம்மோடு ஒருகாலத்தில் பயிற்சிச் சண்டையிட்ட லாரி ஹோம்ஸிடமிருந்து பட்டத்தை மீண்டும் பெற லாஸ் வேகாஸில் இறங்கினார். தைராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்ததால் உடல் மெலிந்து, பார்க்க இளமையாக இருந்தார். உள்ளே வலு இல்லை. பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பிறகே பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி போட்டியை நிறுத்தினார். பட்டத்துக்காக வாழ்ந்த ஒருவர் தாமாக ‘போதும்’ என்று சொல்ல மாட்டார். அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எனவே போட்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த நிலையில் என்பதை வீரர், பயிற்சியாளர், குடும்பத்தினர் மூவரும் முகாம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். வருமானத்துக்கு அந்த வீரரை நம்பியிருக்காத ஒரு மருத்துவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.